சவாரிக் குதிரை, ஒட்டகம்: பயம் தெளிவித்துப் பழக்கும் முறை

மலைப்பாதையிலும் பாலை மணலிலும் நெடுந்தூரம் ஆள் ஏற்றிச் செல்லும் குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் உடல் பலம் மட்டும் போதாது. நடத்துபவரிடம் அவற்றுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும். அடிக்குப் பயந்து பணியும் பிராணி கொட்டிலில் சாதுவாகத்தான் தோன்றும். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு காகிதம் பறந்தால் போதும். அடியைவிடக் காகிதத்துக்கு அதிகமாகப் பயந்து ஓட்டம் பிடிக்கும். மேலே இருப்பவரின் உயிருக்கு அப்போது உத்தரவாதம் இல்லை.

மிரள்வது ஏன்?

ஆபத்தைக் கண்டால் ஓடித் தப்புவது குதிரையின் பிறவிக் குணம். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. நேர் பின்புறமும், நெற்றிக்கு நேர் முன்னே சிறிது தூரமும் அதற்குத் தெரியாது. எனவே, குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக நெருங்க வேண்டும். பின்னாலிருந்து திடீரெனத் தொடக் கூடாது.

தொடங்கும் வயது

குட்டிப் பருவத்திலேயே உடல் முழுவதும் தடவி, கால் தூக்கிப் பழக்க வேண்டும். முதுகெலும்பு முதிர்ச்சி பெறத் தாமதமாகும். ஆகவே, குதிரைக்கு 3 வயது முடிந்த பிறகே ஆள் ஏற்றிப் பழக்குவதும், 5 வயதுக்குப் பிறகு நெடும்பயணத்துக்கு எடுப்பதும் நல்லது. ஒட்டகத்தை 3 வயதளவில் பழக்கத் தொடங்கலாம்; முழு வேலையை அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாது.

பழக்கும் விதம்

தினமும் இரு வேளை, 15 முதல் 20 நிமிடம் வரை போதும். தலைக்கயிற்றை லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பிராணி ஓரடி முன் வைத்ததும் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். இழுப்பதால் அது பாடம் கற்பதில்லை, தளர்த்துவதால்தான் கற்கிறது. முரண்டு பிடிக்கும்போது தளர்த்தினால், முரண்டு பிடிப்பதையே கற்றுக்கொள்ளும்.

அடுத்து, குடை, சாக்கு, பாலிதீன் தாள் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். பார்த்தும் ஓடாத தூரத்தில் முதலில் நிறுத்தி, தலை தாழ்ந்து காது தளரும் வரை காத்திருந்து, பிறகு ஒவ்வோர் அடியாக நெருங்க வேண்டும். சேணத்துக்கு முன்னால் வெறும் துணியைப் போட்டுப் பழக்குவது நன்று. வயிற்று வாரை ஒரே தடவையில் இறுக்காமல், சில அடி நடத்திய பின் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அதன் பிறகு பாதி நிரப்பிய மூட்டை, கடைசியில் ஆள்.

பாதைக்கு முதலில் கொண்டு செல்லும்போது, பழகிய பிராணி ஒன்று முன்னே செல்ல வேண்டும். ஏருக்குப் புதிய காளையைப் பழக்கும் உழவர் அதைப் பழகிய மாட்டுடன் பூட்டுவதும் இதற்காகத்தான்.

ஒட்டகத்துக்குத் தனிக் கவனம்

உட்காரப் பழக்குவதே ஒட்டகத்துக்கு அடிப்படைப் பாடம். ஒவ்வொரு முறையும் ஒரே ஒலியைக் கொடுத்து, முன்னங்காலை மெல்லத் தட்டி உட்கார வைக்க வேண்டும். எழும்போது ஒட்டகம் பின்னங்கால்களை முதலில் நிமிர்த்துவதால், மேலே இருப்பவர் முன்பக்கம் சாய்வார். ஆகவே, உத்தரவு வரும் வரை எழாமல் இருக்கப் பழக்குவது அவசியம்.

ராஜஸ்தானில் ஒட்டகத்தின் மூக்கில் ஆணி பொருத்திக் கயிறு கட்டுவது வழக்கம். அந்தக் கயிற்றை மரத்தில் கட்டக் கூடாது; வெட்டி இழுக்கவும் கூடாது. இடையே எளிதில் அறும் நூலை இணைத்தால், மிரளும்போது மூக்கு கிழியாமல் தப்பும். குளிர்காலத்தில் இணை சேரும் பருவம் வரும்போது ஆண் ஒட்டகம் வாயில் நுரை தள்ளி, பல்லை நறநறவெனக் கடிக்கும். அப்போது பயிற்சியும் சவாரியும் வேண்டாம்.

முரட்டுத்தனமா, வலியா?

நன்கு பழகிய பிராணி திடீரென அடம் பிடித்தால், சாட்டையை எடுக்கும் முன் உடலைப் பார்க்க வேண்டும். முதுகில் சேணப் புண், குளம்பில் கல், வாயில் காயம் இருக்கலாம். குதிரை, ஒட்டகம் இரண்டையும் தாக்கும் சர்ரா நோய் கடிக்கும் ஈக்களால் பரவுகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, சோகை ஆகியவை இதன் அறிகுறிகள். கால்நடை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

சேணம் உட்படக் குதிரை சுமக்கும் பாரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 300 கிலோ எடையுள்ள மட்டக் குதிரைக்கு 60 கிலோவே எல்லை. உதகை, கொடைக்கானல் போன்ற ஊர்களில் பயணிகளை ஏற்றும் மட்டக் குதிரைக்காரர்களும் இதை மறக்கக் கூடாது. கூடுதலாகக் கிடைக்கும் சில ரூபாய்க்காக முதுகை நோகச் செய்தால், பல மாதம் பழக்கியது வீணாகும்.

ஒவ்வொரு நாள் பயிற்சியையும் பிராணிக்கு நன்கு தெரிந்த பாடத்தோடு முடித்து, தடவிக் கொடுத்து அவிழ்த்துவிட வேண்டும். பயத்தோடு கொட்டிலுக்குத் திரும்பும் பிராணி, மறுநாளும் பயத்தோடுதான் வெளியே வரும்.