மழைமலையில் கூளமும் முட்டைக்கூடும்

தோட்டத்து லயத்தின் பின்புறம் நாட்டுக்கோழி, தாரா, கினிக்கோழி மூன்றையும் ஒரே கூட்டில் வளர்க்கத் தொடங்கியிருக்கும் மருமகன் அறிவது:

உமி நல்லதா, மரச்சீவல் நல்லதா என்பதே மருமகன் கேட்டிருக்கும் கேள்வி. மலைநாட்டில் அதற்கு முன் தீர்க்கப்பட வேண்டியது, போடும் பொருள் எதுவாயினும் அது உலர்ந்து கிடக்க இடம் வாய்த்திருக்கிறதா என்பதாகும். கூளம் என்பது, பறவையின் எச்சத்திலுள்ள நீரை உறிஞ்சிப் பின் அதைக் காற்றுக்கு விட்டுக்கொடுப்பதற்காகத் தரையில் பரப்பப்படும் உலர்பொருள். உறிஞ்சுவது அதன் வேலையில் பாதிதான். வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவதாலும், தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கத்தில் வெயிலைக் காணாத நாட்கள் தொடர்ந்து வருவதாலும், உறிஞ்சிய நீரை விட்டுக்கொடுக்கும் மறுபாதி வேலை இங்கே எளிதில் நடப்பதில்லை. கீழ்நாட்டுக் கையேடுகளின் கணக்கு மலையில் பிழைத்துப்போவதற்குக் காரணமும் இதுவே.

குளிருக்கு அஞ்சிக் கூட்டைச் சாக்காலும் பொலித்தீனாலும் முற்றாக மூடிவிடும் வழக்கம் தோட்டங்களில் பரவலாக உண்டு. சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் தரையில் உறைபனி படிவது உண்மையே எனினும், இறகு முற்றிய பறவை அக்குளிரைத் தாங்கும். அது தாங்காதது ஈரத்தையும், ஈரத்தோடு சேர்ந்து உடலில் நேரே வீசும் காற்றையுமே. மூடிய கூட்டில் மூச்சும் எச்சமும் விடும் நீராவி கூரைத் தகரத்தில் குளிர்ந்து, விடியுமுன் துளிதுளியாகக் கூளத்தில் சொட்டுகிறது. நனைந்த கூளத்தில் நுண்ணுயிர்கள் எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தைச் சிதைத்து அமோனியா என்னும் காரநெடி வாயுவை உண்டாக்க, அது கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கிறது. நின்றுகொண்டு முகர்ந்தால் இது தெரியாது. பறவையின் தலைமட்டத்துக்குக் குந்தி முகர வேண்டும். ஆகவே கூரை இறவாரத்தின் கீழே, பறவைகள் அமரும் உயரத்துக்கு மேலே, கம்பிவலை அடித்த திறப்பு ஆண்டு முழுவதும் இருக்க வேண்டும். சரிவில் அமைந்த கூடாயின், மேட்டுப்பக்கத்தில் ஒரு கான் வெட்டி மழைநீரைத் திருப்பாமல் கூளத்துக்குச் செலவிடுவது வீண்.

இனிப் பொருள்களுக்கு வரலாம். நெல் விளையும் கீழ்நாட்டு ஆலைகளிலிருந்து லொறியில் ஏறிவரும் உமி இலேசானது, எளிதில் கட்டிபடாதது, கிளறினால் விரைவில் உலர்வது. ஆயினும் அதன் உறிஞ்சும் ஆற்றல் குறைவு. மரச்சீவல் அதைவிட நன்றாக உறிஞ்சும். ஆனால் பச்சை மரத்தில் இழைத்த சீவலைக் காயவைக்காமல் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதன் வித்துகளைச் சுவாசிக்கும் குஞ்சுகளுக்கு நுரையீரல் நோய் வரும். மருந்தேற்றிய மரத்தின் சீவல் அறவே கூடாது. மாவாக விழும் மரத்தூள் வறண்டால் தூசியாகவும் நனைந்தால் களியாகவும் மாறுவதோடு, குஞ்சுகள் அதைத் தீனியென்று கொத்தவும் செய்யும். ஓரிரு வாரக் குஞ்சுகளுக்கு அது ஆகாது. பத்திரிகைத்தாளும் அவற்றுக்கு ஆகாது, வழுக்கலில் கால்கள் விரிந்து ஊனமாகும்.

தோட்டத்துக்கே உரிய பொருள் மானாப்புல். பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில், மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்காக மானாவும் கோத்தமாலப் புல்லும் நட்டு வளர்க்கப்படுவதால் அவை பல தோட்டங்களில் கிடைக்கும். நீளமாகப் போட்டால் பாயாகப் படிந்து அடியில் அழுகும் என்பதால், காயவைத்து விரல்நீளத்துக்கு நறுக்க வேண்டும். களைகொல்லி தெளித்த மலையில் அறுத்த புல்லைத் தொடவே கூடாது; 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேட் 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டதை நினைவிற்கொண்டு, தெளித்தார்களா என்று விசாரித்த பின்னரே அறுப்பது முறை. தொழிற்சாலையில் ஒதுங்கும் கழிவுத் தேயிலையை இறைச்சிக்கோழிக்குக் கூளமாக இடலாம் என்று இலங்கை ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரையொன்று காட்டியது. எனினும் கழிவுத் தேயிலையைக் கையாளுவது இந்நாட்டில் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது; அனுமதியின்றி மூட்டையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். ஆக, கோழித்தரைக்கு உமியும் மரச்சீவலும் கலந்ததும், முட்டைப்பெட்டிக்கு மானாவும் ஏற்றவை.

கலப்புக் கூட்டில் கூளம் எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தாராவே முடிவு செய்கிறது. அதன் எச்சத்தில் நீர் மிகுதி. அலகை நீரில் அலசி, வாய்நிறைய நீரோடு கூட்டுக்குள் நடப்பதும் அதன் இயல்பு. நீர்ச்சட்டியைக் கூளத்தின் மேல் வைத்துவிட்டு எந்தக் கூளத்தை மாற்றினாலும் பயனில்லை. கூட்டின் பள்ளப்பக்க மூலையில், கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகளான மிலாறுகளை அடுக்கி, அதன்மேல் பலகைச் சட்டம் பரப்பி, வழியும் நீர் நேரே கானுக்குப் போகுமாறு அமைத்து, நீர்ச்சட்டியை அங்கே வைக்க வேண்டும். இரவில் தாராவுக்குத் தனி மறைப்பும் வேண்டும். வான்கோழியையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுவது நன்று: கோழியின் குடற்புழு முட்டைகள் வழியே பரவும் ஒரு நுண்ணுயிர், கோழிக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாமல் வான்கோழியின் ஈரலைத் தாக்கிக் கொல்லும்.

ஆழ்கூளம் எனப்படும் முறையில், எட்டுப் பத்து சென்ரிமீற்றர் கனத்தில் தொடங்கி, அடிக்கடி கிளறி, மேலே புதிதாகத் தூவி, மாதக்கணக்கில் அகற்றாமல் வளர்க்கிறார்கள். ஒருபிடி அள்ளி இறுக்கித் திறந்தால் அது உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது, அந்த ஈரத்தில் இரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டைகள் முதிரும். நெடியடக்கச் சுண்ணாம்பு தூவுவோர் பலர். காரம் ஏறஏற அமோனியா கூடுதலாகவே வெளியேறும் என்பதால் அது நேர்மாறான பலன் தரும். சுண்ணாம்புக்கு உரிய இடம் வெறுமையாக்கிக் கழுவிய கூட்டின் சுவர்.

முட்டையிடும் இடத்தைப் பறவையின் இயல்பைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். கோழி மறைவும் அரையிருளும் தேடுவதால், நாலைந்து பெட்டைக்கு ஒன்றென 30 சென்ரிமீற்றர் சதுரப் பெட்டியை, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், முன்விளிம்பில் ஒரு சாணுக்குக் குறைந்த தடுப்போடு வைத்தால் போதும். பெட்டி எப்போதும் அமருங்கம்பத்தைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும், ஏனெனில் பறவைகள் இருப்பதில் உயரமான இடத்தில் உறங்கும், உறங்கும் இடத்தில் எச்சமிடும். தாரா ஏறாது, தரைமூலையில் மூன்றுபக்கம் அடைத்த 40 சென்ரிமீற்றர் அகல இடம் அதற்கு வேண்டும். அது பெரும்பாலும் விடியலில் இடுவதால், காலை எட்டு மணிவரை திறந்துவிடாமல் இருந்தால் முட்டை கானில் கிடக்காது.

கினிக்கோழி இவ்விரண்டுக்கும் அடங்காதது. அது தேயிலைச் செடியின் அடியில் ஒளித்து இடும், பல பெட்டைகள் ஒரே குழியில் இடும், கொழுந்து பறிப்போர் கண்ணில் படுமுன் கீரியும் சாரைப்பாம்பும் கண்டுவிடும். கண்டுபிடித்த குழியை முற்றாக வெறுமையாக்கினால் அது வேறிடம் தேடிவிடும் என்பதால், சில முட்டைகளை அடையாளமிட்டு விட்டுவைத்து, மற்றவற்றை எடுப்பதே அனுபவசாலிகளின் வழி. அதன் முட்டையை அடைக்கோழியிடம் வைப்பதானால் பொரிக்கும் நாட்கள் வேறுபடும்: கோழிக்கு 21, கினிக்கோழிக்கு 26 முதல் 28, தாராவுக்கு 28, மஸ்கோவித் தாராவுக்கு 35. இவற்றை ஒரே நாளில் ஒரே அடையில் வைத்தால், முதற்குஞ்சுகள் பொரித்ததும் தாய் எழுந்துபோய் மற்றவை குளிர்ந்துவிடும்.

கூட்டிலிருந்து வாரும் பழைய கூளத்தை மக்கவைத்த பின்னரே மரக்கறிப் பாத்திக்கு இட வேண்டும்; புதியது வேரைக் கருக்கும். பருவமழை இறங்கியபின் உலர்ந்த உமி கிடைப்பதும் ஈரமானதைக் காயவைப்பதும் அரிது என்பதால், ஏப்ரல் முடியுமுன் தேவையான மூட்டைகளைத் தரையில் படாமல் பலகைமேல் அடுக்கிவைத்துக்கொள்வதோடு, மானாவையும் அதற்குள் அறுத்துக் காயவைத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
மாமா