பல் இல்லாத வலம்புரி

சென்ற பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு சங்கை என் அண்ணன் எடுத்துக் காட்டினார். வலம்புரிச் சங்கு என்று யாரோ ஒருவர் கொண்டுவந்து கொடுத்தாராம். பாதிப் பணம் கொடுத்தாயிற்று. மீதியைச் சித்திரைக்குள் கொடுக்க வேண்டும். அதற்காக அண்ணியின் வளையல்கள் இரண்டு அடகுக் கடைக்குப் போக இருந்தன. "நீ விலங்கியல் படிச்சவதானே, பார்த்துச் சொல்லு" என்றார். சுருள் தொடங்கும் உச்சியை மேலே வைத்து, வாய் என்னைப் பார்க்கும்படி பிடித்துப் பார்த்தேன். வாய் இடப்பக்கம் இருந்தது. "வலம்புரிதான் அண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

நான் சொன்னதில் பாதிதான் சரி. மீதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் மாணவி.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு 'விலங்குலகம்' பாடத்தைத் திருப்புதலுக்கு எடுத்த வாரம் அது. பிள்ளைகளிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று அண்ணனிடம் கெஞ்சி அந்தச் சங்கை வாங்கி வந்திருந்தேன். வரிசையாகக் கைமாற்றிப் பார்த்தார்கள். மூன்றாவது பெஞ்சில் இருந்த மாணவி மட்டும் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினாள். அவள் அப்பா சங்கு குளிக்கும் தொழிலாளி.

"டீச்சர், இது நம்ம கடல் சங்கு இல்ல. உள்ள பல்லே இல்ல."

எனக்குச் சற்றுக் கோபம்தான் வந்தது. மறுநாள் அவள் வீட்டிலிருந்து சாதாரணச் சங்கு ஒன்றை எடுத்து வந்தாள். கூடவே அவள் அப்பாவும் வந்தார். "விரலை விட்டா மூணு வரி தட்டணும் டீச்சர். அதான் நம்ம சங்கு" என்றார். விட்டுப் பார்த்தேன். சங்கின் நடுத்தூணின் குறுக்கே தடித்த மடிப்புகள் விரலில் தெளிவாகத் தட்டின. அண்ணனின் சங்கில் நடுத்தூண் வழவழவென்று இருந்தது.

வலமா, இடமா?

வகுப்பில் ஆண்டுதோறும் வரும் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். விலங்கியலில், உச்சியை மேலே வைத்து வாயை நம் பக்கம் திருப்பினால், வாய் வலப்பக்கம் இருப்பது வலச்சுருள், இடப்பக்கம் இருப்பது இடச்சுருள். உலகிலுள்ள கடல் நத்தைகளில் மிகப் பெரும்பாலானவை வலச்சுருள். நம் மன்னார் வளைகுடாச் சங்கும் அப்படியே. ஆனால் நம் வழக்கில் அந்தச் சாதாரணச் சங்கின் பெயர் இடம்புரி! அரிதாகக் கிடைக்கும் இடச்சுருள் சங்குதான் வலம்புரி.

இரண்டில் ஒன்று தவறு என்று நினைக்க வேண்டாம். ஒரே சங்கை உச்சி கீழே இருக்கும்படி தலைகீழாகப் பிடியுங்கள். இப்போது வலம்புரியின் வாய் வலப்பக்கம் வந்துவிடும். பிடிக்கும் முறைதான் வேறு. சங்கின் சுருள் மட்டும் எப்படிப் பிடித்தாலும் மாறாது. இதைக் காட்ட நான் ஒரு பெரிய திருகாணியை எடுத்துச் செல்வேன். அதை எப்படிப் புரட்டினாலும் மரை மாறுவதில்லை என்பதைப் பிள்ளைகள் கையால் தொட்டு உணர்ந்துகொள்கிறார்கள். பல ஆண்டுகளாக நான் இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கி, பிள்ளைகளையும் குழப்பி நானும் குழம்பியிருக்கிறேன். திருகாணி வந்தபின் ஐந்து நிமிட வேலை.

சுருளின் திசையை எது முடிவு செய்கிறது? இது மேல்நிலை வகுப்புக்கு அருமையான எடுத்துக்காட்டு. குளத்து நத்தைகளில் செய்த கலப்புச் சோதனைகளுக்கு 1923இல் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவண்ட் விளக்கம் தந்தார். குட்டி எந்தப் பக்கம் சுருளும் என்பதை அதன் சொந்த மரபணு முடிவு செய்வதில்லை. தாயின் மரபணு முடிவு செய்கிறது. தாய் தன் முட்டைக்குள் வைத்து அனுப்பிய பொருள்கள்தான் கருவின் முதல் சில செல் பிரிதல்களைச் சாய்வாகத் திருப்பிவிடுகின்றன. அதனால் வலச்சுருள் மரபணு கொண்ட குட்டி இடச்சுருளாக இருக்கலாம். அந்த மரபணுவின் வேலை அடுத்த தலைமுறையில்தான் வெளியே தெரியும். மெண்டலின் விகிதங்களை மனப்பாடம் செய்த மாணவர்களை இது கொஞ்சம் உலுக்கும்.

பெயருக்குள் ஒரு வரலாறு

அண்ணனின் சங்கு இடச்சுருள் என்பது உண்மை. ஆனால் சுருளின் திசை சிற்றினத்தைச் சொல்லாது. அது, வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் புசிகானிடே குடும்பத்து நத்தை. அங்கே அதை மின்னல் சங்கு என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அந்த இனத்தில் இடச்சுருள்தான் வழக்கம். அரிய பொருளே அல்ல. 1987 முதல் டெக்சாஸ் மாநிலத்தின் அடையாளச் சங்கு அது. அங்கே கடற்கரையில் பொறுக்கக் கிடைப்பது இங்கே வலம்புரியாக விலை பேசப்படுகிறது.

நம் சங்கு டர்பினெல்லிடே குடும்பம். அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம் (லின்னேயஸ், 1767). இந்த அடைப்புக்குறி வெறும் அலங்காரம் அன்று. லின்னேயஸ் முதலில் இதை வோலூட்டா என்ற பேரினத்தில் வைத்தார். பின்னால் வந்தவர்கள் வேறு பேரினத்துக்கு மாற்றியதால், முதலில் பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள் போடுகிறோம். பைரம் என்றால் பேரிக்காய். சங்கைத் தலைகீழாகப் பார்த்தால் பொருத்தம் புரியும். பழைய இந்திய நூல்களில் ஸாங்கஸ் பைரம் என்றும் இருக்கும். இரண்டும் ஒரே உயிரி.

நான் கல்லூரியில் படித்தபோது வயிற்றுக்காலிகள் என்றால் மூன்றே துணை வகுப்புகள்: புரோசோபிராங்கியா, ஒபிஸ்தோபிராங்கியா, பல்மனேட்டா. செவுள் முன்னால், செவுள் பின்னால், நுரையீரல் போன்ற அறை. தேர்வுக்கு எவ்வளவு வசதி! 2005இல் பூஷே, ரோக்ருவா ஆகியோர் வெளியிட்ட தொகுப்புக்குப் பின் அந்த ஏற்பாடு வழக்கொழிந்துவிட்டது. உடலமைப்போடு மரபணு ஒப்பீடும் சேர்ந்து, பட்டெல்லோகாஸ்ட்ரோபோடா, வெட்டிகாஸ்ட்ரோபோடா, நெரிட்டிமார்ஃபா, சீனோகாஸ்ட்ரோபோடா, ஹெட்டிரோபிராங்கியா என்று பெரும்பிரிவுகள் அமைந்தன. நம் சங்கும், சோழியும், முள் சங்கும், அண்ணன் வாங்கிய அமெரிக்கச் சங்கும் சீனோகாஸ்ட்ரோபோடாவில் அடங்கும். ஓடில்லாத வண்ணக் கடல் நத்தைகளும் நம் தோட்டத்து நத்தையும் ஹெட்டிரோபிராங்கியாவில் ஒன்றாக நிற்கின்றன. இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் எழுதிப் போட வேண்டாம். ஆனால் பழைய மூன்றை மட்டும் உறுதியாகச் சொல்லி முடிக்காமல் இருப்பது நல்லது.

ஓட்டுக்குள் இருப்பவர்

பிள்ளைகள் சங்கை வெள்ளைப் பொருளாகவே அறிந்திருக்கிறார்கள். கடலோரப் பிள்ளைகளுக்கு மட்டுமே உயிருள்ள சங்கு வெள்ளையாக இருக்காது என்பது தெரியும். அதன்மேல் பழுப்பு நிறத்தில் தடித்த தோல் ஒன்று மூடியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்த பிறகே வெண்மை தெரியும். சோழி இதற்கு நேர்மாறு. உயிரோடு இருக்கும்போது அதன் மேன்டில் என்னும் மென்மையான போர்வை இரண்டு பக்கமும் ஏறி ஓட்டையே மூடிக்கொள்கிறது. வெளிப்புறத்திலும் புதிது புதிதாகச் சுண்ணாம்புப் பூச்சு விழுவதால்தான் சோழிக்கு அந்தப் பளபளப்பு.

இன்னொரு தவறான எண்ணம்: நத்தை வளர வளர வேறு ஓட்டுக்குக் குடிபோகும் என்பது. கால்கள் முளைத்த சங்கு ஒன்றை ஒரு மாணவன் டப்பாவில் போட்டு எடுத்து வந்து "சங்கு நடக்குது டீச்சர்" என்றான். அது காலி ஓட்டில் குடியேறிய துறவி நண்டு. நத்தையால் ஓட்டை விட்டு வெளியேறவே முடியாது. ஒரு தசை அதை நடுத்தூணோடு பிணைத்திருக்கிறது. அந்த மாணவி விரலால் தொட்ட மடிப்புகள் இருக்கும் அதே தூண்தான். மேன்டிலின் விளிம்பு கால்சியம் கார்பனேட்டைச் சுரந்து வாயின் ஓரத்தில் சேர்த்துக்கொண்டே போக, வீடும் உயிரும் சேர்ந்தே வளர்கின்றன. ஆகவே உச்சியில் உள்ள சிறு சுருள்தான் அதன் குழந்தைப் பருவம்.

ஓடு சுருள்வதும் உடல் முறுக்கிக்கொள்வதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இளம் பருவத்தில் உள்ளுறுப்புத் தொகுதி 180 பாகை திரும்பிக்கொள்கிறது. அதன் விளைவாகச் செவுளும் கழிவுத் துளையும் தலைக்கு மேலே வந்துவிடுகின்றன. வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும், மறக்க மாட்டார்கள். ஓடு சுருளாத லிம்பெட்டுகளிலும் இந்த முறுக்கம் உண்டு என்று அப்போதே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உணவுப் பழக்கத்துக்கு வகுப்பறையை விடக் கடற்கரையே நல்ல இடம். சிப்பி ஓடுகளில் நேர்த்தியான வட்டத் துளை இருப்பவற்றைப் பொறுக்கி வரச் சொல்லுங்கள். மாலை கோக்க யாரோ துளைத்தது போல இருக்கும். நேட்டிசிடே குடும்பத்து நிலா நத்தை, ராடுலா என்னும் அரம் போன்ற நாக்காலும் ஓட்டைக் கரைக்கும் சுரப்பாலும் துளையிட்டு உள்ளிருந்த சிப்பியைத் தின்ற தடம் அது. வெளிப்புறம் அகன்று உள்ளே குறுகும் துளை நிலா நத்தையுடையது. பக்கங்கள் நேராக இறங்கும் துளை பெரும்பாலும் முள் சங்குக் குடும்பத்தின் வேலை. நம் சங்கு துளை போடுவதில்லை. மணலில் வாழும் புழுக்களைத் தேடித் தின்னும்.

சங்கின் முட்டைக் கூட்டைத் தூத்துக்குடிப் பக்கம் சங்குப்பூ என்பார்கள். ஆட்டுக்கடாவின் கொம்பு போல முறுக்கி, அறை அறையாகப் பிரிந்து, அடி மணலில் ஊன்றி நிற்கும். பல கடல் நத்தைகளின் இளவுயிரிகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைதூரம் போகும். சங்குக் குஞ்சுகள் அப்படிப் போவதில்லை. அறைக்குள்ளேயே ஓட்டோடு உருவாகி, வெளியே ஊர்ந்து வந்து அருகிலேயே தங்கிவிடுகின்றன. ஓரிடத்துச் சங்கை ஒட்ட எடுத்துவிட்டால் வேறிடத்துக் குஞ்சு மிதந்து வந்து நிரப்பாது. குறிப்பிட்ட விட்டத்துக்குக் குறைந்த சங்கைக் கடலிலேயே விட வேண்டும் என்ற பழைய விதியின் காரணத்தை இதைச் சொன்ன பிறகு பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். கரையில் உள்ளவர்கள் பிடியைக் கேட்டு எழுதிய நூல் அது என்பது படித்தால் தெரியும்.

கடற்கரைக்கு அழைத்துச் செல்லும்முன்

செத்த ஓடுகளை மட்டுமே எடுக்க வேண்டும். உயிருள்ளதைப் பார்த்துவிட்டு அங்கேயே விட வேண்டும். ஐவிரல் சங்கு உட்படச் சில கடல் நத்தைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன.

இன்னும் முக்கியமானது கூம்பு நத்தை. ஐஸ்கிரீம் கூம்பு போன்ற வடிவமும் அழகான கோலமும் பிள்ளைகளின் கையை இழுக்கும். அதன் ராடுலாப் பல் உள்ளீடற்ற ஈட்டி போன்றது; அதன் வழியே நஞ்சைச் செலுத்தும். புவியியல் கூம்பு எனப்படும் சிற்றினம் மனிதர்களைக் கொன்றிருக்கிறது. அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. அகன்ற முனையைப் பிடித்தால் கொட்டாது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அதன் துதிக்கை ஓட்டின் பெரும்பகுதியை எட்டும். "கூம்பு கண்டால் கை பின்னால்" என்று என் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். இன்னொரு கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து வந்த சிகோனோடைடு என்னும் வலி நிவாரணி 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது என்பதையும் சொல்வேன். ஆனால் அது விதியைச் சொல்லி முடித்த பிறகுதான்.

அன்று மாலையே அண்ணனுக்குப் போன் செய்தேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீதானே வலம்புரின்னு சொன்ன?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். மீதிப் பணத்தைக் கொடுக்கவில்லை. அண்ணியின் வளையல்கள் வீட்டிலேயே இருக்கின்றன. கொடுத்த பணம் திரும்பவில்லை. விற்றவரின் எண் அதன்பின் எடுக்கப்படவே இல்லை.

அந்தச் சங்கை அண்ணன் எங்கள் பள்ளிக்கே கொடுத்துவிட்டார். ஆய்வக அலமாரியில், மாணவியின் அப்பா தந்த சங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர்ச் சீட்டை அவள்தான் எழுதினாள்: "புசிகானிடே. இடச்சுருள். அமெரிக்கா. பல் இல்லை." இந்த ஆண்டு அதே பாடம் வந்தபோது இரண்டையும் துணிப்பைக்குள் போட்டு, கண்ணால் பார்க்காமல் விரலால் மட்டும் தொட்டு எது நம் சங்கு என்று சொல்லச் சொன்னேன். நாற்பத்தொரு பேரில் ஆறு பேர் தவறாகச் சொன்னார்கள். அவர்களுக்கு மறுநாள் மீண்டும் பையைக் கொடுத்தேன்.