சத்யம்: கணக்கேட்டில் மட்டும் இருந்த ஐயாயிரம் கோடி

“கள்ளக் கணக்கு என்றால் லாபத்தைக் குறைத்து எழுதி வரி ஏய்ப்பது.”

பில் போடாமல் விற்கும் கடைகளைப் பார்த்துப் பழகிய எண்ணம் இது. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனத்துக்கு ஆசை நேர் எதிர்த் திசையில் ஓடும். ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் இல்லாத லாபத்தைக் காட்டியது. அதற்கு வரியும் கட்டியது. 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் அது அறிவித்த வருவாய் 2,700 கோடி ரூபாய், செயல்பாட்டு லாபம் 649 கோடி. உண்மையில் வருவாய் 2,112 கோடி, லாபம் 61 கோடிதான். இது யாரோ துப்பறிந்த கணக்கு அல்ல. 2009 ஜனவரி 7 அன்று நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதத்தில் எழுதிக் கொடுத்தது.

“மோசடி எப்போதும் யாருக்கும் புரியாத சிக்கலான மூலையில் ஒளிந்திருக்கும்.”

இதைத்தான் நான் முதலில் கைவிடச் சொல்வேன். சத்யத்தின் பொய் இருந்த இடம், பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற வரி: வங்கி இருப்பு. காட்டியது 5,361 கோடி; அதில் 5,040 கோடி இல்லை. போதாதென்று, இல்லாத பணத்துக்கு வரவேண்டிய வட்டியாக 376 கோடி வேறு!

பொய் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. போலி இன்வாய்ஸ் போட்டால் விற்பனை கூடும். அதே தொகை வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய பாக்கியாக ஏறும். பாக்கி வசூலாகாமலே கிடந்தால் யாராவது கேட்பார்கள். ஆகவே வசூலானதாக எழுத வேண்டும். எழுதினால் வங்கி இருப்பு உயரும். இப்படி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள், மற்ற ஊழியர்களின் கண்ணில் படாதபடி கணினியில் மறைக்கப்பட்டிருந்ததாக சிபிஐ சொன்னது. அவற்றுக்குத் துணையாகப் போலி பிக்சட் டெபாசிட் ரசீதுகள், போலி வங்கிக் கடிதங்கள்.

“பெரிய ஆடிட்டர் கையெழுத்துப் போட்டால் கவலையில்லை.”

கையெழுத்துப் போட்டது பிரைஸ் வாட்டர்ஹவுஸ். வங்கி இருப்பைச் சரிபார்க்க ஆடிட்டர் தானே வங்கிக்கு எழுதி, பதிலையும் தானே நேராக வாங்க வேண்டும். அந்தக் கடிதங்களை அனுப்புவதையும் பெறுவதையும் சத்யத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2011இல் கண்டறிந்து, 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. யாரைச் சோதிக்க வேண்டுமோ அவரிடமே விடைத்தாளைக் கொடுத்தாயிற்று. ஒரு தபால் செலவில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

“படித்த, பேர்பெற்ற இயக்குநர்கள் இருந்தால் தப்பு நடக்காது.”

சத்யத்தின் வாரியத்தில் ஹார்வர்ட் பேராசிரியர் இருந்தார், முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலாளரும் இருந்தார். 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தின் இரண்டு மேடாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க அந்த வாரியம் ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழவே, சில மணி நேரத்தில் பின்வாங்கியது. பொய்ச் சொத்து இருந்த இடத்தில் மெய்ச் சொத்தை வைக்கத்தான் அந்த முயற்சி என்று ராஜு பிறகு எழுதினார். அதே ஆண்டில்தான் நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருதும் சத்யத்துக்குக் கிடைத்தது. பின்னர் அது பறிக்கப்பட்டது.

“ராஜு சொந்தமாக ஒரு பைசா எடுக்கவில்லையாம்.”

அப்படித்தான் கடிதத்தில் இருந்தது. இன்றும் சிலர் அதை அனுதாபத்தோடு சொல்வதைக் கேட்கிறேன். ஆனால் எடுப்பதற்குக் கல்லாவில் கை வைக்க வேண்டியதில்லை. ஊதிப் பெருக்கிய லாபம் பங்கு விலையை ஏற்றுகிறது. ஏறிய பங்கை விற்கலாம், அடகு வைத்துக் கடன் வாங்கலாம். முறைகேடாகச் சேர்த்த ஆதாயமாக 1,849 கோடி ரூபாயை வட்டியோடு திருப்பித் தரும்படி ராஜுவுக்கும் மற்ற நால்வருக்கும் இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2014இல் உத்தரவிட்டது. தொகை பற்றிய வழக்கு பிறகும் நீண்டது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் நீதிமன்றம் ராஜுவுக்கு 7 ஆண்டு சிறை விதித்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, ஜாமீனில் வெளியே வந்தார்.