முதல் பிள்ளை சீசர் என்றால் அடுத்ததும் சீசர்தானா?

கேள்வி: மூத்தவன் வயிற்றில் கால் கீழாக இருந்ததால் சீசர் செய்தார்கள். மூன்று வருடமாகிறது. இப்போது ஏழு மாதம். சுகப்பிரசவம் ஆகுமா?
– தோட்டத்துத் தாய், மொனராகலை

பதில்: ஆவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு, தங்கச்சி. "ஒருமுறை சீசர், எப்போதும் சீசர்" என்ற பேச்சு 1916இல் நியூயோர்க்கில் டாக்டர் எட்வின் கிராகின் எழுதியதிலிருந்து வந்தது. அன்று கர்ப்பப்பையை நெடுக்காக வெட்டினார்கள். இன்று பெரும்பாலும் அடிப்பகுதியில் குறுக்காக. அப்படி ஒரு தழும்போடு முயல்பவர்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. முன்பே ஒரு சுகப்பிரசவம் கண்டவர்களுக்கு 85க்கும் மேல்.

முதல் சீசருக்கான காரணம் முக்கியம். பிள்ளை திரும்பியிருந்தது இம்முறையும் நடக்க வேண்டும் என்றில்லை; அது உங்களுக்குச் சாதகம். வலி வந்தும் பிள்ளை இறங்காமல் வெட்டியிருந்தால் வாய்ப்புக் குறையும். தாயின் அதிக எடையும் பெரிய பிள்ளையும் குறைக்கும். வலி தானாக வந்தால் கூடும். இந்த வாய்ப்பைக் கணிக்க அமெரிக்காவில் 2007இல் வந்த முறை, கறுப்பினப் பெண் என்றாலே மதிப்பைக் குறைத்தது. அந்த அநியாயத்தை 2021இல்தான் நீக்கினார்கள்.

வெளித்தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. அதை அறிய, அலுமாரியில் பிறப்புச் சான்றிதழோடு பொலித்தீன் பையில் வைத்திருக்கும் பழைய டயக்னோசிஸ் காட்டை அடுத்த கிளினிக்கிற்குக் கொண்டுபோங்கள்.

200 பேரில் ஒருவருக்குத் தழும்பு பிரியலாம். ஆகவே இரவிலும் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியசாலையில்தான் பிரசவம். வலி தொடங்கியதும் லயத்தில் காத்திருக்காதீர்கள். வாகனத்தை இப்போதே பேசி வையுங்கள்.