பூட்டிய வீட்டு கேமராவில் சார்ஜ் நிற்கவில்லையா?

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் ஏராளம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் காவல், ஒரு வயர்லெஸ் கேமராதான். "ஆறு மாசம் நிக்கும்னு சொன்னாங்க, மூணு வாரத்துல போயிடுச்சு" என்று அலுத்துக்கொள்கிறீர்களா? வேறு பேட்டரி வாங்கும் முன், கேமராவை எது அடிக்கடி எழுப்புகிறது என்று பாருங்க.

இந்த வகை கேமரா பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். உடல் சூட்டோடு ஏதாவது நகர்ந்தால் அதன் சென்சார் எழுப்பும். உடனே படம் பிடித்து வைஃபையில் அனுப்பும். இதைக் கொண்டுபோய் வளவு முற்றத்தைப் பார்த்து மாட்டினால் புறா, அணில், நகரும் வெயில் எல்லாமே திருடன்தான். ஒரு நாளைக்கு 40 முறை, முறைக்கு 30 விநாடி என்றால் 20 நிமிடப் பதிவு. 10 முறை, 10 விநாடி என்று குறைத்தால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது உங்களுக்குத் தெரியும். அதனால் முகப்புக் கதவு, பின்கட்டுக் கதவு இரண்டையும் பார்க்கும்படி வையுங்க. ஆள் நேராக வருவதைவிடக் குறுக்கே கடந்தால் சென்சார் நன்றாகப் பிடிக்கும்.

அடுத்தது சுவர். ரவுட்டர் முகப்பில், கேமரா பின்கட்டில் என்றால் நடுவே எத்தனை கனத்த சுண்ணாம்புச் சுவர்! சிக்னல் எட்டாமல் கேமரா திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும், சார்ஜ் அதிலேயே கரையும். ஆப்பில் சிக்னல் அளவு காட்டினால், மைனஸ் 70-ஐத் தாண்டக் கூடாது. மைனஸ் 50 அருமை. நடுக்கட்டில் ஒரு ரிப்பீட்டர் போடலாம். 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை நன்றாகக் கடக்கும்.

மின்தடையில் ரவுட்டர் அணைந்தால் கேமரா வைஃபையைத் தேடித் தேடிக் களைத்துவிடும். ரவுட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் போதும். உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் வரவில்லையா? மின்னகம் 94987 94987-க்கு எங்கிருந்தும் பேசலாம்.

சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்லணும்: அண்ணன் சென்னையில், தங்கச்சி மலேசியாவில், ஆளுக்கு நாலு தடவை நேரலையைத் திறந்து "வீடு எப்படி இருக்கு" என்று பார்ப்பது சார்ஜை அதிகமாகத் தின்னும். எச்சரிக்கை வந்தால் மட்டும் திறங்க.

சோலார் பலகை வைத்தால் தெற்கு பார்த்து, சுமார் 10 டிகிரி சாய்வில் வையுங்க. தூசியைத் துடைக்க ஆள் வேணும். பேட்டரியும் கேமராவும் நேர் வெயிலில் வேண்டாம், சூட்டில் லித்தியம் பேட்டரியின் ஆயுள் குறையும்.

ஊருக்குக் கிளம்பும்போது உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. கேமராவில் ஆள் தெரிந்தால் அழைக்க வேண்டிய எண் 112. வெளிநாட்டில் இருந்தால் அந்த எண் அங்குள்ள அவசர உதவிக்குப் போய்விடலாம். நிலையத்தின் தொலைபேசி எண்ணையும், சாவி வைத்திருப்பவர் எண்ணையும் முன்பே போனில் பதிந்து வையுங்க.