பயிருக்கு அடிப்பது மருந்தா, நஞ்சா?



பூச்சிக்கொல்லி என்ற சொல் டப்பாவின் மேல்தான் இருக்கிறது. பேச்சில் நாம் எல்லோரும் அதை ‘மருந்து’ என்றே சொல்கிறோம். “கத்தரிக்கு மருந்து அடிச்சாச்சா?” என்பது வயல் வைத்திருக்கும் வீடுகளில் அன்றாடப் பேச்சு. இப்படி மருந்து மருந்து என்று சொல்லியே அதன் மீது இருக்க வேண்டிய பயம் போய்விட்டது. ஒரு மூடி ஊற்றச் சொன்ன இடத்தில் இரண்டு மூடி ஊற்றுகிறோம். பத்து நாளைக்கு ஒருமுறை அடிக்க வேண்டியதை நான்கு நாளைக்கு ஒருமுறை அடிக்கிறோம்.

நம்மில் சிலருக்குச் சொந்த நிலம் இருக்கிறது. சிலர் குத்தகைக்குப் பயிரிடுகிறோம். சிலர் கூலிக்குத் தெளிக்கப் போகிறோம். சிலர் காய்கறி வியாபாரம் செய்கிறோம். சாப்பிடாதவர் யாரும் இல்லை. ஆகவே இது நம் எல்லோருடைய வீட்டுப் பிரச்சினை.

அதிகம் அடித்தால் பூச்சி ஏன் பெருகுகிறது?

நெல் வயலை எடுத்துக்கொள்வோம். அங்கே பயிரைத் தின்னும் பூச்சிகள் மட்டும் இல்லை. அந்தப் பூச்சிகளைத் தின்னும் சிலந்தி, பொறிவண்டு, தட்டான் ஆகியவையும் இருக்கின்றன. இவை கூலி வாங்காமல் நமக்கு வேலை செய்பவை. நஞ்சைத் தெளிக்கும்போது இரண்டு கூட்டமும் சாகின்றன. ஆனால் புகையான் பூச்சி தன் முட்டையை நெல்லின் இலையுறைக்குள் வைக்கிறது. அந்த முட்டை தெளிப்புக்குத் தப்பிவிடுகிறது. சில நாளில் குஞ்சு வெளியே வரும்போது அதைத் தின்னச் சிலந்தி இல்லை. புகையான் முன்னைவிடப் பல மடங்கு பெருகுகிறது. நாம் மறுபடியும் அடிக்கிறோம். சாகாமல் தப்பிய பூச்சிகளின் சந்ததிக்கு அந்த நஞ்சைத் தாங்கும் சக்தியும் வந்துவிடுகிறது. செலவு ஏறுகிறது, விளைச்சல் ஏறுவதில்லை.

இதை ஒரு நாடே பட்டுத் தெரிந்துகொண்டது. இந்தோனேசியாவில் அரசு பெரும் மானியம் கொடுத்து நெல்லுக்குப் பூச்சிக்கொல்லியைப் பரப்பியது. அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. 1984-இல் அரிசியில் தன்னிறைவு அடைந்த நாடு, அடுத்த இரண்டே ஆண்டுகளில் மீண்டும் புகையானால் தவித்தது. 1986-இல் அதிபர் சுகார்த்தோவின் அரசு, நெல்லுக்குப் பயன்பட்ட 57 பூச்சிக்கொல்லிகளை ஒரே ஆணையில் தடை செய்தது. மானியத்தையும் படிப்படியாகக் குறைத்து 1989-இல் நிறுத்தியது. வயலில் இறங்கி எது நன்மை செய்யும் பூச்சி, எது தீமை செய்யும் பூச்சி என்று எண்ணிப் பார்க்க உழவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பூச்சிக்கொல்லிப் பயன்பாடு பாதிக்கும் கீழே போனது. நெல் விளைச்சல் குறையவில்லை, கூடியது.

“மருந்து அடிக்காவிட்டால் ஒன்றும் மிஞ்சாது” என்று சொல்கிறவர்கள் இந்த அனுபவத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் பாதிப்பு தெளிப்பவருக்கு

2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி தெளித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தெளித்த நஞ்சு முகத்திலும் மார்பிலும் வந்து விழுந்தது. முகக்கவசம் இல்லை, கையுறை இல்லை. பல நஞ்சுகளை ஒன்றாகக் கலந்தும் அடித்தார்கள். இறந்தவர்களில் கூலிக்குப் போனவர்களும் இருந்தார்கள்.

தெளிக்காதவர்களையும் அது விடுவதில்லை. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசு நிறுவனத்தின் முந்திரித் தோட்டங்களில் 20 ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. தோட்டத்தை ஒட்டிய கிராமங்களில் உடல் குறையுடனும் மூளை வளர்ச்சிக் குறைவுடனும் குழந்தைகள் பிறந்தார்கள். ஊர் மக்களும், அங்கிருந்த மருத்துவரும், பத்திரிகையாளரும் விடாமல் குரல் கொடுத்ததால் 2000-இல் தெளிப்பு நின்றது. 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அந்த நஞ்சைத் தடை செய்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2017-இல் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. பணம் வந்தாலும் அந்தப் பிள்ளைகளின் உடல்நலம் திரும்பவில்லை. இன்றும் அவர்களைத் தூக்கிச் சுமப்பவர்கள் தாய்மார்கள்தாம்.

காலி டப்பாவும் நஞ்சுதான்

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது. அந்த நஞ்சு இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருந்தார்கள் என்பதே விசாரணையில் சொல்லப்பட்டது. காய்கறிப் பயிர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2005-லேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்ட நஞ்சு அது.

நம் வீடுகளில் காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொள்ளவும், மண்ணெண்ணெய் வைக்கவும், கோழிக்குத் தண்ணீர் ஊற்றவும் பயன்படுத்துவதைப் பார்க்கிறோம். எத்தனை முறை கழுவினாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. டப்பாவில் ஓட்டை போட்டு நசுக்கி, கிணறும் வாய்க்காலும் இல்லாத தூரமான இடத்தில் அப்புறப்படுத்துங்கள். மீதம் உள்ள நஞ்சைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் அந்த இழப்புக்கு ஈடே இல்லை.

பயிர் செய்பவர்களுக்கு

1. பூச்சியைப் பார்த்த உடனே அடிக்காதீர்கள். வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் போய்ச் செடிகளைப் பாருங்கள். சேதம் செலவை மிஞ்சும் அளவுக்குப் போனால்தான் தெளிப்பு தேவை. இதைத்தான் வேளாண் துறையினர் ‘பொருளாதாரச் சேத நிலை’ என்கிறார்கள்.

2. முதலில் எளிய வழிகளைச் செய்யுங்கள்: விளக்குப் பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, பறவை உட்காரக் குச்சி, வரப்பில் தட்டைப்பயறு.

3. வேப்பங்கொட்டைச் சாறு நல்ல பலன் தரும். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும்.

4. தெளித்தே ஆக வேண்டும் என்றால் டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சையும் நஞ்சுதான்.

5. கடைக்காரர் சொல்லும் அளவை நம்பி இரண்டு மூன்றைக் கலக்காதீர்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் கட்டணம் இல்லாமல் கேட்கலாம்.

6. தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பது டப்பாவுடன் வரும் தாளில் இருக்கும். காலையில் அடித்துவிட்டு மறுநாள் சந்தைக்கு அனுப்புவது, வாங்குபவருக்கு நஞ்சைக் கொடுப்பதாகும். நம் பிழைப்பில் அது வேண்டாம்.

ஆள் வைத்துத் தெளிப்பவர்களுக்கு

கூலி கொடுத்துவிட்டோம் என்பதோடு பொறுப்பு முடிவதில்லை. முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை, கழுவச் சோப்பும் தண்ணீரும் கொடுப்பது உங்கள் கடமை. காற்றுக்கு எதிராகவும் கடும் வெயிலிலும் தெளிக்கச் சொல்லாதீர்கள். சிறுவர்களையும் கர்ப்பிணிகளையும் அந்த வேலைக்கு விடாதீர்கள். வேலை செய்பவரின் உயிர் நம்மை நம்பி வந்த அமானிதம்.

நஞ்சு ஏறினால்

தலைச்சுற்றல், வாந்தி, வாயில் எச்சில் வழிதல், அதிக வியர்வை, கண்பார்வை மங்குதல், மூச்சுத் திணறல் வந்தால் தாமதிக்காதீர்கள். நஞ்சு பட்ட உடையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். டப்பாவையும் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் உடனே முறிவு மருந்து கொடுக்க முடியும்.

சமையலறையில்

காய்களையும் கீரையையும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோல் சீவ முடிந்ததைச் சீவுங்கள். மேலே ஒட்டியிருப்பது பெரும்பாலும் போகும். ஆனால் ஊடுருவிப் பாயும் வகை நஞ்சு காய்க்குள்ளேயே இருக்கும், கழுவினால் போகாது. அதைத் தடுக்க வயலில்தான் குறைக்க வேண்டும். பூச்சி கடித்த தடம் உள்ள கத்தரிக்காயைத் தூக்கி எறியாமல், அந்த இடத்தை நறுக்கிவிட்டுச் சமைக்கலாம். பளபளப்பான காயை மட்டும் நாம் கேட்கும்வரை விவசாயியும் கூடுதலாகத்தான் அடிப்பார். வாசலிலும் மாடியிலும் இரண்டு தொட்டியில் கீரையும் மிளகாயும் போட்டால் அந்த அளவுக்கு நமக்கு நிம்மதி.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலும் கொல்லையிலும் கொட்டகையிலும் இருக்கும் பூச்சிக்கொல்லி டப்பாக்களைத் தேடி எடுத்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். இனிமேல் பிள்ளைகள் முன்னால் அதை மருந்து என்று சொல்லாதீர்கள். நஞ்சு என்றே சொல்லிப் பழக்குங்கள்.