கருநிறத் தாடி ஐரிஸ்: கிழங்கை மஞ்சள் போலப் புதைக்கலாகாது

கறுப்புப் பூ என்றால் யாருக்கும் ஒரு ஆசை வரத்தான் செய்கிறது. ஐரிஸ் என்னும் பூச்செடியின் கருநிற ரகங்களைப் படத்தில் பார்த்துவிட்டு, கிழங்கு எங்கே கிடைக்கும், எப்படி நடவேண்டும் என்று மலைப் பகுதி விவசாயிகள் சிலர் கேட்கிறார்கள். சமவெளியிலிருந்தும் இதே கேள்வி வருகிறது. இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. பணம் கட்டிக் கிழங்கு வாங்கும் முன்பே இந்தச் செடியின் குணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

கிளாடியோலஸ், குங்குமப்பூ ஆகியவை ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. இலை வசம்பு இலை போலக் கத்தி வடிவில் இருக்கும். அடியில் ஒன்றை ஒன்று தழுவி விசிறி போல விரியும். பூவில் மூன்று இதழ்கள் நிமிர்ந்து நிற்கும், மூன்று இதழ்கள் கீழே தொங்கும். தொங்கும் இதழின் நடுவில் ஒரு சிறு கம்பளிப்புழு ஊர்வது போல மயிர்வரிசை இருக்கும். அதுதான் தாடி. தேனீக்கு வழிகாட்டுவது அதன் வேலை. உயர வகைகளில் பூத்தண்டு 70 சென்டிமீட்டருக்கு மேல் வளரும்.

உண்மையில் ஐரிஸில் முழுக் கறுப்புப் பூ கிடையாது. கத்தரிக்காய்த் தோலுக்கு ஊதா நிறம் தரும் நிறமி வகைதான் இதிலும் இருக்கிறது. அது மிகுதியாகச் சேரும்போது, வெல்வெட் போன்ற இதழ்ப்பரப்பும் ஒளியை விழுங்கிக்கொள்வதால், கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. இந்த நிறம் ஒரே நாளில் வந்ததும் அல்ல. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துப் பால் குக் 1938-ல் வெளியிட்ட 'சேபிள்', பின்னர் 1960-ல் வந்த 'பிளாக் ஸ்வான்', 1977-ல் வந்த 'சூப்பர்ஸ்டிஷன்', 1992-ல் வந்த 'ஹலோ டார்க்னஸ்' என்று படிப்படியாக நிறம் ஆழமாகிக்கொண்டே வந்தது. கடைசி இரண்டும் சேலத்தில் உள்ள ஷ்ரைனர் குடும்பத்துப் பண்ணையில் உருவானவை. நம் சேலம் அல்ல. ஆரிகன் மாநிலத்துச் சேலம்! விதை போட்டால் தாயைப் போன்ற செடி வராது. ஆகவே ஒரு ரகத்தை அப்படியே பெருக்கக் கிழங்கைப் பிரித்துத்தான் நடவேண்டும். 'கறுப்பு ஐரிஸ் விதை' என்று யாராவது பொட்டலம் விற்றால் வாங்காதீர்கள்.

எங்கே வரும், எங்கே வராது?

தாடி ஐரிஸ் குளிர்காலத்தில் உறங்கி எழும் செடி. சில வாரங்களாவது நல்ல குளிர் பட்டால்தான் பூமொட்டு உருவாகும். கோடையில் வேர்ப்பகுதி காய்ந்து கிடப்பதையே அது விரும்பும். நம் நாட்டில் இதற்கு ஏற்ற இடத்தைப் பார்க்கவேண்டுமானால் காஷ்மீருக்குப் போகவேண்டும். அங்கே பள்ளத்தாக்கில் கல்லறைகளின் மேலும் வெறும் மேடுகளிலும் வெள்ளை, ஊதா ஐரிஸ்கள் யாரும் கவனிக்காமலே வசந்த காலத்தில் பூத்துக் கிடக்கும். குளிர்காலப் பனியும், வடிகால் உள்ள மேடும், நம் ஊர் போன்ற அடைமழை இல்லாததும்தான் காரணம்.

இதிலிருந்தே பதில் கிடைத்துவிடுகிறது. மதுரையிலும் தஞ்சையிலும் கோவையிலும் இதை வைத்தால் முதல் சில மாதம் இலை வளரும். பூவை எதிர்பார்க்க முடியாது. மழைக்காலத்தில் கிழங்கு அழுகும். சமவெளி அன்பர்கள் இதில் ஒரு ரூபாய் கூடப் போடவேண்டாம் என்பதே என் கருத்து. உதகை, கொடைக்கானல் போன்ற உயர்ந்த இடங்களில் குளிர் இருக்கிறது. ஆனால் மழையும் இருக்கிறது. அங்குள்ளவர்கள் வீட்டு முற்றத்தில் நாலைந்து கிழங்கு மட்டும் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

கிழங்கு வெயில் காயவேண்டும்

ஐரிஸ் கிழங்கு மஞ்சள், இஞ்சியைப் போன்ற மட்டத்தண்டுக் கிழங்குதான். பார்த்தால் இஞ்சி என்றே சொல்வீர்கள். அதனால்தான் அனுபவமுள்ள விவசாயியே இதில் தவறு செய்கிறார். கை பழகியபடி ஐந்து, ஆறு சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து மண் அணைத்துவிடுகிறார். இந்தக் கிழங்கோ மண்ணின் மேல் படுத்துக்கொண்டு முதுகில் வெயில் காயவேண்டும். வேர் மட்டுமே மண்ணுக்குள் போகவேண்டும். ஆழப் புதைத்த கிழங்கு அழுகும். அழுகாமல் தப்பினாலும் இலையை மட்டும் தள்ளிக்கொண்டு பூக்காமல் நிற்கும்.

நடும் முறை இதுதான். ஒரு சாண் அகலக் குழி எடுத்து, நடுவில் மண்ணைச் சிறு திட்டாகக் குவிக்கவும். கிழங்கைத் திட்டின் மேல் உட்காரவைத்து, வேர்களை இரு பக்கமும் சரியவிட்டு, வேர் மேல் மட்டும் மண் போட்டு அழுத்தவும். கிழங்கின் மேற்பாகம் கண்ணுக்குத் தெரியவேண்டும். வெயில் மிகக் கடுமையான இடமானால் இரண்டு சென்டிமீட்டர் மண் மூடலாம், அதற்கு மேல் கூடாது. இலைகளை ஒரு சாண் உயரத்துக்கு விசிறி போல வெட்டிவிட்டு நட்டால் செடி காற்றில் ஆடாது. செடிக்குச் செடி 30 முதல் 45 சென்டிமீட்டர் இடைவெளி விடவும். நட்டவுடன் ஒரு தண்ணீர். வேர் பிடிக்கும் வரை மண் காய்ந்தபின் ஒரு தண்ணீர். பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மூடாக்கு போடுவது மற்றப் பயிருக்கு நல்லது, இதற்குக் கெடுதல்.

இடம் தினம் ஆறு மணி நேரமாவது வெயில் படுவதாக இருக்கவேண்டும். மலையில் மேட்டுப்பாத்தி கட்டாயம். தரையிலிருந்து 20 சென்டிமீட்டராவது உயர்த்தி, மணலும் சிறு கல்லும் கலந்துகொள்ளவும். நீலகிரி மண் அமிலத்தன்மை உள்ளது. ஐரிஸ் கார அமில நிலை 6.5 முதல் 7 வரை உள்ள மண்ணை விரும்பும். எனவே மண் பரிசோதனை செய்து, அதில் சொன்ன அளவுக்கு டாலமைட் அல்லது சுண்ணாம்பு இடவும். குளிர்நாடுகளில் பூ முடிந்து ஆறு, எட்டு வாரம் கழித்து, ஜூலை முதல் செப்டம்பருக்குள் நடுவார்கள். உதகையில் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். ஆகவே நாள்காட்டியைப் பார்க்காமல், கனமழை ஓய்ந்து மண் பொலபொலப்பாகும் நேரம் பார்த்து நடுவதே சரி.

ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். வாழை எப்படித் தார் ஈன்றதும் ஓய்ந்து பக்கக்கன்றுக்கு இடம் விடுகிறதோ அப்படியே. பூத்த கிழங்கின் இரு பக்கமும் இளங்கிழங்குகள் கிளைத்து அடுத்த ஆண்டு பூக்கும். மூன்று, நான்கு ஆண்டில் கூட்டம் நெருக்கடியாகிப் பூ குறையும். அப்போது தோண்டி எடுத்து, நடுவில் உள்ள பழங்கிழங்கை எறிந்துவிட்டு, விசிறியோடு கூடிய இளங்கிழங்குகளைப் பிரித்து நடவும். வெட்டிய வாய் காய ஒரு நாள் நிழலில் வைத்திருக்கவும்.

அழுகலுக்கு மருந்து கத்தி

இந்தச் செடிக்குப் பெரிய எதிரி கிழங்கு அழுகல் நோய். உருளைக்கிழங்கை மென்மையாக அழுக வைக்கும் அதே பாக்டீரியா வகைதான் காரணம். இலை அடியில் மஞ்சளாகித் தொட்டதும் சாயும். கிழங்கு கூழாகி நாற்றம் வீசும். கண்டதும் செடியைத் தோண்டி, அழுகிய பகுதியை வெள்ளைத் திசு தெரியும் வரை செதுக்கி எறிந்து, வெயிலில் காயவைத்து வேறு இடத்தில் நடவும். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் இடையே கத்தியைச் சலவைக் காரக் கரைசலிலோ சாராயத்திலோ துடைக்க மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் நோயை நாமே பரப்பியவர்கள் ஆவோம். யூரியா போட்டால் கிழங்கு கொழகொழத்து இந்த நோய் தேடி வரும். பச்சைச் சாணமும் வேண்டாம். நன்கு மக்கிய தொழு உரம் கொஞ்சமும், எலும்புத்தூளோ சூப்பர் பாஸ்பேட்டோ ஒரு கைப்பிடியும், கிழங்கின் மேல் படாமல் சுற்றிலும் இட்டால் போதும்.

கருநிற ரகத்துக்கென்று தனிக் கவனம் இரண்டு உண்டு. கறுப்புக் குடை சூடேறுவது போலக் கரும்பூவும் சூடேறும். உச்சி வெயிலில் இதழ் வாடிச் சுருளும். ஆகவே காலை வெயில் முழுதும் பட்டுப் பிற்பகலில் சற்று நிழல் விழும் இடம் நல்லது. இரண்டாவது, கரும்பச்சை வேலியின் முன் வைத்தால் பூ இருப்பதே தெரியாது. சுண்ணாம்பு அடித்த சுவரின் முன்னோ, மஞ்சள், வெள்ளைப் பூச்செடிகளுக்கு இடையிலோ வைத்தால்தான் நிறம் எடுக்கும்.

விற்பனைக்கு ஆகுமா என்றால், ஆகாது. பூ இரண்டு, மூன்று நாளில் வாடும். இதழ் மெல்லியது, கட்டி அனுப்பினால் கசங்கும். பூக்கடைகளில் விற்கும் ஐரிஸ் வேறு. அது தாடி இல்லாத, வெங்காயம் போன்ற குமிழிலிருந்து வரும் டச்சு ஐரிஸ். மலையில் பூ வருமானம் வேண்டுவோர் கிளாடியோலஸை எண்ணலாம். சமவெளிக்குச் சம்பங்கி இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து தபாலில் கிழங்கு வரவழைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் நோயின்மைச் சான்றும் இல்லாமல் நடவுப்பொருள் கொண்டுவரக் கூடாது. நீலகிரி உருளைக்கிழங்கில் தங்க நூற்புழு இருப்பது 1961-ல் கண்டறியப்பட்டது. வெளியிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு அது நுழைந்திருக்கவேண்டும் என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து. இன்று வரை அதை ஒழிக்க முடியவில்லை. நாலு பூவுக்காகப் பக்கத்துத் தோட்டக்காரரின் உருளைக்கிழங்கு வயலைப் பணயம் வைக்கலாகாது. வட இந்தியக் குளிர்ப் பகுதி நாற்றங்காலில் வாங்கும்போதும் கிழங்கைக் கையில் எடுத்து அமுக்கிப் பாருங்கள். கல்போல் கெட்டியாக இருந்தால் வாங்கலாம். விரல் அமுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.